முத்திரையிட்ட எழுத்து

எழுதியதை உடனே பிறர் கண்ணில் படச் செய்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுதுவோர் எல்லோருக்கும் உண்டு. சங்க மலருக்குக் கட்டுரை கொடுத்துவிட்டு, அது வெளிவரும் நாளை எண்ணிக்கொண்டிராத மாணவர் நம்முள் யார்? ஆயினும், எழுதி முடித்த ஒன்றை, "இது இன்று வேண்டாம், இன்ன நாளில் வெளிவரட்டும்" என்று தாமே மூடி வைத்தவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் அரசியல் தலைவர் உண்டு, கதாசிரியர் உண்டு, விஞ்ஞானிகளோ மிகப் பலர். இன்று அதே வேலையை நம் கைப்பேசியே செய்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு வாழ்த்தை எழுதி, காலை ஆறு மணிக்குப் போகட்டும் என்று குறித்துவிட்டு நாம் உறங்கப் போய்விடுகிறோம்.

பார்வைக்கு இது சிறிய காரியம். ஆனால் எழுதிய நாளுக்கும் வெளிவரும் நாளுக்கும் நடுவே இடைவெளி விழுந்தவுடன் மூன்று கேள்விகள் எழுகின்றன. இது இன்ன நாளில்தான் எழுதப்பட்டது என்பதற்குச் சான்று என்ன? இடைக்காலத்தில் இதைக் காப்பவர் யார்? எழுதியவரே இல்லாமற்போனாலும் இதைத் திறப்பவர் யார், என்றைக்குத் திறப்பார்? இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு மூடிய எழுத்து உரிய காலத்தில் உலகுக்கு வந்து சேர்கிறது. ஒன்றை மறந்தாலும் என்ன நேரும் என்பதைச் சில உண்மை வரலாறுகளைக் கொண்டு பார்ப்போம்.

கலைத்துப் போட்ட எழுத்துகள்

கி.பி. 1610ஆம் ஆண்டு. கலிலியோ தம் தொலைநோக்கியைச் சனிக் கோளின் பக்கம் திருப்பினார். கோள் ஒன்றாகத் தெரியவில்லை. நடுவில் பெரிதாக ஒன்றும், இரு பக்கமும் சிறிதாக ஒவ்வொன்றுமாக மூன்று உருவங்கள் தெரிந்தன. உடனே அறிவித்துவிடலாம். ஆனால் ஒருமுறை பார்த்ததைக் கொண்டு அறிவித்து, பிறகு அது தவறென்று ஆகிவிட்டால்? அறிவிக்காமல் மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் வேறொருவர் கண்டு தமதென்று சொல்லிவிட்டால்?

இந்த இரண்டு அச்சத்துக்கும் அவர் ஒரே மருந்தைக் கண்டார். தாம் கண்டதை இலத்தீனில் ஒரு வாக்கியமாக எழுதினார். அதன் 37 எழுத்துகளையும் பொருளே விளங்காதபடி கலைத்தார். அந்தக் கலவையைப் பிராக் நகரத்துக்கு அனுப்பிவைத்தார். இனி வேறு யார் வந்து "நானே முதலில் கண்டேன்" என்றாலும், "என் 37 எழுத்துகளை அடுக்கிப் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

இதைத் தமிழில் நாமே செய்து பார்க்கலாம். "நிலவில் நீர்" என்று ஒருவர் கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வோம். அதன் ஆறு எழுத்துகளையும் அகராதி வரிசையில் அடுக்கினால் "நி, நீ, ர், ல், ல, வி" என்று வரும். இதை மட்டும் இன்று வெளியிட்டுவிட்டு, வாக்கியத்தை அடுத்த ஆண்டு வெளியிடலாம். எழுத்துகள் ஒத்திருப்பதால் வாக்கியம் பின்னால் சேர்த்துக்கொண்டது அன்று என்பது விளங்கும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பிராக் நகரில் இருந்த வானியல் அறிஞர் கெப்ளர் அந்த 37 எழுத்துகளோடு மல்லுக்கட்டி, தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியத்தை அமைத்தார். செவ்வாய்க்கு இரண்டு துணைகள் உண்டு என்று அதற்குப் பொருள் வந்தது! கலிலியோ சொன்னது சனியைப் பற்றி. கெப்ளர் படித்ததோ செவ்வாயைப் பற்றி. இதில் வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு சந்திரர்கள் உண்டு. அவை 1877இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. தப்பாகப் படித்தது தற்செயலாகச் சரியாகிவிட்டது. கலிலியோ அவ்வாண்டு நவம்பரில் தம் வாக்கியத்தை வெளியிட்ட பிறகே உண்மை விளங்கிற்று.

சனியின் பக்கத்தில் கலிலியோ கண்டவை தனி உருவங்கள் அல்ல, கோளைச் சுற்றியுள்ள வளையமே என்று கண்டவர் ஹைகன்ஸ். அவரும் இதே வழியில்தான் சென்றார். 1656இல் எழுத்துக் கலவையாக அச்சிட்டு, 1659இல் வாக்கியத்தை வெளியிட்டார். சுருள்வில்லின் நீட்சி அதன்மேல் செலுத்தும் விசைக்கு ஏற்ப அமையும் என்று நாம் பள்ளியில் படித்த ஹூக் விதியும் 1676இல் வெறும் 14 எழுத்துகளாகவே முதலில் வெளிவந்தது. விளக்கம் 1678இல் வந்தது. நியூட்டன் தம் நுண்கணிதத்தின் சாரத்தை 1676இல் லைப்னிட்சுக்குச் சென்ற கடிதத்தில் இவ்வாறே எழுத்துகளும் எண்களுமாக மறைத்து எழுதினார்.

நம் மூன்று கேள்விகளை இங்கே கேட்டுப் பார்ப்போம். எப்போது எழுதியது என்பதற்குச் சான்று நன்றாக இருந்தது. ஆனால் காப்பவரும் திறப்பவரும் ஒருவரே, அவர் எழுதியவரே. சாவி அவர் தலைக்குள் இருந்தது. ஹூக் 1677இல் இறந்திருந்தால், அந்தப் 14 எழுத்துகளை யார் சரியாக அடுக்கியிருப்பார்? கெப்ளர் போன்ற மேதையே இடறி விழுந்ததைப் பார்த்தோமே.

கழகத்தின் காப்பகத்தில்

இக்குறையை நீக்கப் பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. யார் வேண்டுமானாலும் தம் கண்டுபிடிப்பை எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டுக் கழகத்தில் ஒப்படைக்கலாம். கழகம் அதைப் பிரிக்காது. வந்த தேதியைப் பதிவேட்டில் குறித்துக் காப்பகத்தில் வைத்துவிடும். 1772 நவம்பர் முதல் நாளில் லவாய்சியர் இப்படி ஓர் உறையைக் கொடுத்தார். கந்தகமும் பாஸ்வரமும் எரியும்போது எடை குறைவதில்லை, கூடுகிறது என்பதே அதில் இருந்த செய்தி. மேலும் சோதனைகள் செய்து தெளிவு பெற்ற பின் 1773இல் உறை திறக்கப்பட்டது. எரிதலைப் பற்றிய பழைய கொள்கையைத் தகர்த்து, இக்கால இரசாயனத்துக்கு அடிகோலிய ஆராய்ச்சி அங்கே தொடங்கிற்று.

லவாய்சியர் உயிரோடு இருந்து தம் உறையைத் தாமே திறக்கச் செய்தார். அப்படித் திறக்க ஆளில்லாமற்போன ஓர் உறையின் கதையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

வோல்ஃப்காங் டோப்ளின் 1915இல் பெர்லினில் பிறந்தவர். ஜெர்மன் மொழியின் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆல்ஃபிரட் டோப்ளினின் மகன். யூதக் குடும்பம், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸில் குடியேறினார்கள். 1936இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. பாரிஸில் நிகழ்தகவுக் கணிதம் பயின்ற வோல்ஃப்காங் 1938இல், இருபத்து மூன்றாம் வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார். 1939இல் யுத்தம் மூண்டது. சாதாரணப் படைவீரராகவே அவர் போர்முனைக்குச் சென்றார்.

அங்கே, 1939-40 குளிர்காலத்தில், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப்புத்தகம் ஒன்றில் அவர் கணிதம் எழுதினார். பொருள் இதுதான்: நீரில் மிதக்கும் மகரந்தத் துகளைப் போல ஒரு பொருள் தற்செயலாக அங்குமிங்கும் அலைகிறது என்று கொள்வோம். ஒரு நேரத்தில் அது ஓரிடத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வாறு மாறும் என்பதற்கு ரஷ்யக் கணித மேதை கொல்மொகோரோவ் 1931இல் ஒரு சமன்பாட்டைத் தந்திருந்தார். அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. டோப்ளின் தனித் துகளின் பாதையையே பின்தொடர்ந்தார். அந்தப் பாதையில் உள்ள தற்செயல் பகுதியை, ஓட்டத்தில் வேகம் மாறும் ஒரு கடிகாரத்தைக் கொண்டு அளந்தால், அது எளிய பிரௌனியன் இயக்கமாகவே ஆகிவிடும் என்று காட்டினார். முன்னர் ஒருவரும் கண்டிராத பார்வை அது.

யுத்த முனையில் அதை முழுமையாகத் திருத்தி வெளியிட வழி ஏது? நோட்டுப்புத்தகத்தை உறையிலிட்டுப் பாரிஸ் கழகத்துக்கு அனுப்பினார். 1940 பிப்ரவரி 26ஆம் நாள் கழகம் அதைப் பதிவு செய்துகொண்டது. நான்கு மாதம் கூட ஆகவில்லை. ஜெர்மன் படை பிரான்சுக்குள் வெள்ளமெனப் புகுந்தது. ஜூன் 21ஆம் நாள் வோழ் மலைப் பகுதியில் ஊஸ்ராஸ் என்னும் சிற்றூரில் எதிரிப் படை நெருங்கிவிட்டது. பிடிபட்டால் தம் கதி என்னவாகும் என்பது பெர்லினிலிருந்து தப்பி வந்த யூத இளைஞருக்குத் தெரியாதா? தம்மிடம் இருந்த காகிதங்களை எரித்தார். ஒரு களஞ்சியத்துக்குள் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். வயது 25. மறுநாள் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

உறை என்ன ஆயிற்று? பாரிஸில் பத்திரமாகவே இருந்தது. எப்போது எழுதியது என்பதற்குப் பதிவேடு சான்று சொன்னது. காப்பதற்குக் கழகம் இருந்தது. ஆனால் மூன்றாம் கேள்விக்கு விடை இல்லை. எழுதியவரோ அவர் குடும்பத்தாரோ கேட்டால் அன்றிக் கழகம் உறையைத் திறக்காது. கேட்க வேண்டியவர் இறந்துவிட்டார். ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே உலகம் காத்திருக்கவில்லை. ஜப்பானில் கியோசி இட்டோ 1942இலிருந்து தற்செயல் இயக்கங்களுக்கென்றே ஒரு நுண்கணிதத்தைப் படிப்படியாகக் கட்டி எழுப்பினார். இன்று பௌதிகத்திலும் பங்குச் சந்தைக் கணக்கிலும் அது இன்றி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. டோப்ளின் கண்ட அந்தக் கடிகார மாற்றத்தை டாம்பிஸ் ஒருபுறமும், டூபின்ஸும் ஷ்வார்ட்ஸும் மறுபுறமுமாக 1965இல் மீண்டும் கண்டார்கள். இவர்களில் எவருக்கும் பாரிஸில் ஓர் உறை உறங்குவது தெரியாது.

முடிவில், பெர்னார் ப்ரூ என்னும் கணித வரலாற்று ஆய்வாளரின் முயற்சியாலும், குடும்பத்தாரின் இசைவாலும், 2000ஆம் ஆண்டு மே மாதம் உறை திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள்! கழகம் அவ்வாண்டு டிசம்பரில் தன் வெளியீட்டில் ஒரு தனி இதழாகவே அதை அச்சிட்டது. இட்டோவின் புகழ்பெற்ற சூத்திரத்தின் ஒரு வடிவம் அந்தப் பள்ளி நோட்டுப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதைக் கொண்டாட வேண்டிய தந்தை 1957இலேயே மறைந்துவிட்டார். ஊஸ்ராஸ் சிற்றூரில் மகனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே பெற்றோர் இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

கழகம் 1976இல் விதியைத் திருத்தி, ஒப்படைத்து நூறாண்டு ஆன உறைகளைத் தானே திறக்கலாம் என்று ஏற்படுத்திக்கொண்டது. யாரும் முயன்றிராவிட்டால் டோப்ளினின் கணிதம் 2040 வரை இருட்டில் இருந்திருக்கும்.

முப்பது பக்கங்கள்

மூன்று கேள்விகளுக்கும் விடை கூறி மூடிய எழுத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆசாத் தம் அரசியல் நினைவுகளை உருதுவில் சொல்லிவர, ஹுமாயூன் கபீர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார். தம் காலத்துத் தலைவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய சுமார் முப்பது பக்கங்கள் உடனே வெளிவருவதை ஆசாத் விரும்பவில்லை. அப்பக்கங்கள் முத்திரையிடப்பட்டன. ஒரு பிரதி கல்கத்தா தேசிய நூலகத்திலும், மற்றொன்று புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1958 பிப்ரவரியில் ஆசாத் காலமானார். எஞ்சிய நூல் 1959இல் வெளிவந்தது. முழு நூல் 1988இல், அவருடைய நூற்றாண்டு விழா ஆண்டில், வெளிவந்தது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பைக் கவனியுங்கள். காப்பவர் தனி மனிதர் அல்லர். இரண்டு பொது நிறுவனங்கள். ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்றோரிடத்தில் பிரதி இருக்கும். நாளும் முன்னதாகவே குறிக்கப்பட்டுவிட்டது. எழுத உதவிய ஹுமாயூன் கபீர் 1969இல் மறைந்தார். அப்போதும் ஏற்பாடு குலையவில்லை.

ஆயினும் இங்கே வேறொரு குறை தலைகாட்டுகிறது. அப்பக்கங்களில் பேசப்பட்ட தலைவர்கள் பலர் 1988இல் உயிரோடு இல்லை. பட்டேல் 1950இலேயே மறைந்தவர். நேரு 1964இல் மறைந்தார். "அப்படி அன்று, நடந்தது இப்படி" என்று பதில் சொல்ல அவர்களால் வரமுடியாது. காலம் கடந்து வெளிவரும் எழுத்து உயிருள்ளவர் மனத்தைப் புண்படுத்தாமல் காக்கிறது. அதே சமயம், மறுத்துப் பேசும் உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் தம் சுயசரிதை முழுவதும் தாம் இறந்து நூறாண்டு ஆன பின்னரே வெளிவர வேண்டும் என்று விரும்பினார். அவர் இறந்தது 1910இல். இடையில் சில பகுதிகள் வெளிவந்துவிட்டாலும், முழுப் பதிப்பின் முதல் தொகுதி 2010இல் வெளிவந்தது. தடையின்றி மனத்தைத் திறந்து எழுத அவருக்கு இந்த நூறாண்டு உதவிற்று. அவரால் ஏசப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை.

சட்டம் குறித்த நாள்

விஞ்ஞான மாணவர்களாகிய நமக்கு இவ்விஷயம் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. நம் நாட்டில் ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால், விண்ணப்பம் உடனே வெளியிடப்படுவதில்லை. பொதுவாக, தாக்கல் செய்த நாள் அல்லது முன்னுரிமைத் தேதியிலிருந்து 18 மாதங்கள் அது மூடியே இருக்கும். பின்பு அலுவலக இதழில் வெளிவரும். முன்னதாகவே வெளியிட வேண்டும் என்று விண்ணப்பதாரர் கேட்டுக்கொள்ளவும் வழி உண்டு. வெளிவந்ததும், உரிமை வழங்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

நம் மூன்று கேள்விகளை இங்கே கேட்டால் மூன்றுக்கும் சட்டமே விடை சொல்கிறது. தாக்கல் தேதி சான்று. அரசு அலுவலகம் காவல். 18 மாதம் கெடு. ஆசாத்தின் பக்கங்களில் நாம் கண்ட குறைக்கும் இங்கே பரிகாரம் உண்டு: மறுப்பவர் உயிரோடு இருக்கும்போதே எழுத்து வெளிவந்துவிடுகிறது. ஆனால் அவசரப்பட்டு முதலில் எங்கேனும் கட்டுரையாக வெளியிட்டுவிட்டுப் பிறகு காப்புரிமைக்குப் போனால், "இது புதிதன்று, ஏற்கெனவே உலகறிந்தது" என்று, நம் எழுத்தே நமக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நிற்கக்கூடும். எதை முதலில் செய்வது என்று வழிகாட்டும் பேராசிரியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

காப்புரிமை தேவைப்படாத ஆராய்ச்சிகளில் இன்று நிலைமை நேர்மாறு. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்னும் பொதுக் களஞ்சியத்தில் பௌதிக, கணித மாணவர்கள் தங்கள் கட்டுரைகளை இதழ்களில் வருமுன்னரே வைத்துவிடுகிறார்கள். அங்கும் ஒரு குறித்த நேரம் உண்டு. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் இரண்டு மணிக்குள் வந்தவை அன்றிரவு எட்டு மணிக்கு வெளியாகும். நமக்கு அது கோடையில் விடியற்காலை ஐந்தரை மணி. குளிர்காலத்தில் ஆறரை மணி. விடுதியில் சிலர் பல் விளக்குமுன் கைப்பேசியைப் பார்ப்பதன் இரகசியம் இதுதான்! வந்த தேதி பதிவாகிறது. காப்பவர் பொது நிறுவனம். திறக்கும் நேரமும் முன்னரே தெரியும். டோப்ளினுக்கு இப்படி ஒன்று வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

இயந்திரம் காக்கும் நாள்

இனி நம் கைக்குள் இருக்கும் கருவிக்கு வருவோம். "நாளைக் காலை ஆறு மணிக்கு" என்று நாம் குறித்தால், அதை அது எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? பெரும்பாலான கணிப்பொறிகள் உள்ளூர நாள், கிழமை எதையும் அறியா. 1970 ஜனவரி முதல் நாள், உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி எத்தனை விநாடிகள் ஆயின என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. நாம் குறித்த நேரத்தையும் அப்படியே ஒரு விநாடி எண்ணாக மாற்றி எழுத்தோடு சேர்த்து வைக்கின்றன. ஒரு சிறிய நிரல் அடிக்கடி, பல இடங்களில் நிமிஷத்துக்கு ஒரு தடவை, கடிகாரத்தைப் பார்க்கிறது. ஓடும் எண் குறித்த எண்ணை எட்டிவிட்டதா? எட்டியிருந்தால் எழுத்தை வெளியே விடுகிறது; இல்லையேல் மீண்டும் உறங்குகிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

பிழை எங்கே நுழைகிறது? இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி, அதாவது 19,800 விநாடி, முந்தியது. இயந்திரத்துக்கு நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்று சொல்லாமல் "காலை ஆறு" என்று குறித்தால், அது பொது நேரத்து ஆறு மணி என்று கொண்டுவிடும். எழுத்து நம்மூர் பதினொன்றரை மணிக்கு வெளியாகும். பொங்கலன்று காலை உறுப்பினர் அனைவருக்கும் போய்ச் சேரும்படி வாழ்த்து மடலைக் குறித்து வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியவன் நான். விடுதி முற்றத்தில் பொங்கல் பொங்கி, உண்டு, பாத்திரமும் கழுவி முடித்த பிறகு, "பொழுது புலரும் இவ்வேளையில்" என்று தொடங்கும் என் வாழ்த்து எல்லோர் கைப்பேசியிலும் ஒலித்தது. நண்பர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வேறொரு பிழை இதைவிடப் பெரிது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விநாடி எண்ணை வைக்க 32 இரட்டைமான இலக்கங்களே இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19ஆம் நாள் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு அந்த எண் நிரம்பிவிடும். அடுத்த விநாடி கணக்கு தலைகீழாகி 1901ஆம் ஆண்டுக்குப் போய்விடும். புதிய இயந்திரங்கள் 64 இலக்கங்களுக்கு மாறிவிட்டன. ஆனால் பழைய இயந்திரம் ஒன்றில், "2040இல் திற" என்று சொன்னால் அதற்கு அது விளங்காது.

கலிலியோவின் எழுத்துக் கலவைக்கும் இன்று ஒரு வாரிசு உண்டு. எவ்வளவு நீளமான எழுத்தையும் 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கித் தரும் கணக்கு முறைகள் இருக்கின்றன. ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை முழுவதும் மாறிவிடும். ரேகையிலிருந்து எழுத்தை மீட்க வழி இல்லை. இன்று ரேகையை மட்டும் வெளியிட்டு, மூலத்தைப் பின்னர் வெளியிட்டால், இரண்டும் ஒத்துப்போவதை யாரும் சோதிக்கலாம். கெப்ளரைப் போலத் தவறாகப் படித்துவிடவும் இடமில்லை. ஒன்று மட்டும் கவனம்: மிகச் சிறிய வாக்கியமானால் பகைவர் ஊகித்து ஊகித்துச் சோதித்துப் பார்த்துவிடுவர். ஆகவே பொருளற்ற சில சொற்களையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ரேகை சான்று ஒன்றுக்கே விடை. மூலம் தொலைந்துபோனால் ரேகையால் ஒரு பயனும் இல்லை.

இயந்திரம் நாள் தவறாது. எழுதியவர் இறந்தாலும் குறித்த நேரத்தில் வெளியிட்டுவிடும். டோப்ளினுக்குக் கிடைக்காத மூன்றாம் விடை இன்று நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ஆயினும் அதற்கு விநாடி தெரியுமே தவிர, அந்த விநாடியில் ஊரில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. விழாவென்று குறித்த நாளில் விடுதியில் ஒரு துக்கம் நேர்ந்திருக்கலாம். நேற்றுச் சரியென்று எழுதியது இன்று தவறென்று ஆகியிருக்கலாம். அதுவோ உள்ளதை உள்ளபடி வெளியே தள்ளும். குறித்து வைத்தவர் முதல் நாள் மாலையில் ஒருமுறை படித்துப் பார்ப்பதே இதற்குப் பரிகாரம்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே! நம்மில் பலர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாள்தோறும் ஏதேனும் எழுதுகிறோம். அவற்றில் பெரும்பகுதி இன்றைக்கு வெளியிடத் தக்கதன்று. இன்னும் ஒரு சோதனை, இன்னும் ஒரு திருத்தம் என்று மூடியே வைத்திருக்கிறோம். அதில் தவறில்லை, கலிலியோவும் லவாய்சியரும் செய்ததே அது. ஆனால் மூன்று சிறு காரியங்களை நாம் இன்றே செய்யலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஒரு பிரதி நம் மேசையறைக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அது என்ன, எங்கே இருக்கிறது, எப்போது திறக்கலாம் என்பது நம்மைத் தவிர இன்னொருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து படிக்கும் நமக்கு இந்த மூன்றாவது இன்னும் அவசியம். நம் நோட்டுப்புத்தகத்தின் மொழியை அறிந்தவர் வீட்டில் இல்லை. பக்கத்து மேசையில் இருப்பவர்தான் அறிவார். அவரிடம் சொல்லி வைப்போம். அவர் சொல்வதையும் கேட்டு வைப்போம். டோப்ளின் தம் கையிலிருந்த காகிதங்களை எரித்துவிட்டார். தபாலில் அனுப்பியது மட்டும் பிழைத்தது. அந்த நோட்டுப்புத்தகத்தைத் திறக்க ஒரு நாளும் ஓர் ஆளும் குறிக்கப்பட்டிருந்தால், அறுபது ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.